சேகரக் கமிட்டிப் பெரியவர்களுக்கு: ஆராதனையில் மதிப்பெண் வாசிக்க வேண்டாம்

கிறிஸ்துவுக்குள் பிரியமான போதகர் ஐயரவர்களுக்கும், சேகரக் கமிட்டி அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும், ஸ்தோத்திரம்.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ரிசல்ட்டெல்லாம் வந்துவிட்டது. வருகிற ஜூன் மாதம் இரண்டாம் ஞாயிறு காலை ஆராதனையில் வழக்கம்போல் சாதனை மாணவர்களுக்குப் பாராட்டு உண்டு என்றும், பத்தாம் வகுப்பில் 450-க்கு மேலும் பிளஸ் டூவில் 550-க்கு மேலும் எடுத்தவர்கள் மார்க் ஷீட் நகலைச் செயலரிடம் கொடுக்க வேண்டும் என்றும் போன ஞாயிறு அறிவிப்பு வாசித்தீர்கள். அதை ஆராதனையில் வைக்க வேண்டாம் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். கமிட்டிக்குத் தனியாக ஒரு கடிதம் கொடுத்திருக்கலாம், ஆனால் இது நம் ஒரு கோயிலில் மட்டும் நடக்கிற காரியம் இல்லை, பக்கத்துச் சேகரத்துச் சபைகளிலும் இதேதான் நடக்கிறது, ஞாயிறு பள்ளியில் என் வகுப்புப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மாரும் இதைப் படிக்க வேண்டும், அதனால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒன்று. படிப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் பக்கத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லவும் முடியாது. 1820-ல் மிஷனரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டைக்கு வந்த காலத்திலிருந்து கோயிலும் பள்ளிக்கூடமும் ஒன்றாகத்தான் வளர்ந்தன. பனையேறிகளின் பிள்ளைகளும், அதுவரை எழுத்து வாசனையே இல்லாத வீட்டுப் பெண்பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிப் படித்தது அந்தப் பள்ளிக்கூடங்களில்தான். என் பாட்டிக்கு வேதம் வாசிக்க வந்ததும் அப்படித்தான். சாயங்காலம் விளக்கு வைத்ததும் விரலை வரிக்கு வரி நகர்த்திச் சத்தமாக வாசிப்பாள், ஒரு சங்கீதம் முடிய அரை மணி நேரம் ஆகும், நாங்கள் எழுந்து போக முடியாது. அன்றைக்குச் சபை படிப்பைக் கொடுத்தது கடைசியில் நின்றவர்களை முன்னால் கூட்டிக்கொண்டு வருவதற்கு. இன்றைக்கு அதே படிப்பை வைத்து நாம் பிள்ளைகளை முன் வரிசை, பின் வரிசை என்று பிரிக்கிறோம், அதையும் ஆல்டர் பீடத்துக்கு முன்னால் நின்று செய்கிறோம்.

போன வருஷம் நடந்ததை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நேரமாகிவிடும் என்று பிரசங்கத்தைச் சுருக்கினோம், பரிந்துரை ஜெபத்தில் நோயாளிகளின் பெயர்ப் பட்டியலை வாசிக்கவில்லை. அப்புறம் பாராட்டு. பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், தகப்பனார் என்ன வேலை, எத்தனை மதிப்பெண், அடுத்து எந்தக் கல்லூரி, எல்லாம் மைக்கில். மதிப்பெண் கூடக் கூடக் கைதட்டலும் கூடியது. சால்வை, கேடயம், குடும்பத்தோடு போட்டோ. ஒவ்வொரு போட்டோவுக்கும் முன்னால் நின்றிருந்த குவையரில் பாடுகிற பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். மெடிக்கல் சீட் கிடைத்த பிள்ளையின் தகப்பனார் இரண்டு வார்த்தை பேசினார், கர்த்தர் எங்கள் குடும்பத்தைத் தலையாக்கினார், வாலாக்கவில்லை என்றார். சபை முழுக்க ஆமென் சொன்னது. அவர் மனதில் நன்றி இருந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஆமென் சொல்லும்போது பின்னால் யார் நின்றுகொண்டிருந்தார்கள் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். என் வகுப்பில் படித்த பையன் ஒருவன், பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயில், தன் தாயோடு செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்றான். பெயர் சொல்ல மாட்டேன், ஆனால் அவன் வேலையைச் சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். சனிக்கிழமை சாயங்காலம் வந்து பெஞ்சுகளைத் துடைத்து, பாமாலைப் புத்தகங்களை அடுக்கி, பாட்டு நம்பர் பலகையில் எண் அட்டைகளைச் செருகுகிறவன் அவன்தான். நம் பலகையில் 9 அட்டை ஒன்று தொலைந்து ரொம்ப நாளாகிறது; 6-ஐத் தலைகீழாகச் செருகி, அது சரியாமல் இருக்கப் பின்னால் ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து வைப்பான். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. கமிட்டியில் யாரும் அவனுக்கு ஒரு சால்வை போட்டதும் இல்லை, அவன் அதை எதிர்பார்த்ததும் இல்லை.

அதற்கடுத்த சனிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தவள் தட்டை மடியிலிருந்து இறக்கி வைக்காமலே சொன்னாள்: "டீச்சர், அவனுக்குக் கோயிலுக்கு வர வெட்கமா இருக்காம்." கள்ளனும் வரலாம், குடிகாரனும் வரலாம், அப்படியே வாருங்கள் என்று நாம் வருஷம் முழுக்கப் பிரசங்கிக்கிற இடம் இது. அதற்குள் வர, கணக்கில் ஃபெயிலான ஒரு பிள்ளை வெட்கப்பட்டான். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். அங்கே எந்தக் கோயிலுக்காவது போகிறானா என்று அவன் அம்மாவுக்கும் தெரியவில்லை.

இதற்கு ஒரு பாராட்டு விழாவையா குற்றம் சொல்வது என்று கேட்பீர்கள். விழா வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கிறது வேறு. என் வகுப்பு வருகைப் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் பிள்ளைகள் நிறைய வருவார்கள், பத்து ஆரம்பித்ததும் பாதியாகும், பிளஸ் ஒன், பிளஸ் டூ என்றால் விரல்விட்டு எண்ணிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை காலை டியூஷன், இல்லையென்றால் நீட் கோச்சிங்கில் டெஸ்ட். பிள்ளைகளைச் சபையில் முழு அங்கமாகச் சேர்க்கிற திடப்படுத்தலுக்கான ஆயத்த வகுப்பைப் பரீட்சை முடிந்து வைத்துக்கொள்ளலாம், நாலு நாள் போதும் என்கிறார்கள். "இந்த ஒரு வருஷம்தானே டீச்சர்" என்று சொல்லாத தாய் இல்லை. சரி, அந்த ஒரு வருஷம் போகிறது, அப்புறம் கல்லூரி, அப்புறம் கேம்பஸ் இன்டர்வியூ, அப்புறம் வெளியூர், வெளிநாடு. பிள்ளை பதினைந்து வயதில் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: முக்கியமான ஒரு காரியம் வந்தால் கர்த்தருக்கான நேரத்தைத் தள்ளிவைக்கலாம், அதற்கு வீட்டிலும் சபையிலும் அனுமதி உண்டு. ஞாயிற்றுக்கிழமை பரீட்சை எழுதுவதே பாவம் என்று நான் சட்டம் பேசவில்லை. நீட் தேர்வையே ஞாயிற்றுக்கிழமைதான் வைக்கிறார்கள், அதற்குப் பிள்ளை என்ன செய்யும். என் பாரம் அந்த ஒரு நாளைப் பற்றியது இல்லை, வருஷம் முழுவதும் எதை எதற்காக விடுகிறோம் என்பதைப் பற்றியது.

விடுமுறை வேதாகமப் பள்ளியில் ஓட்டப்பந்தய வீரர் எரிக் லிடல் கதையைப் படம் காட்டிச் சொல்கிறோம். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் தகுதி ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை வந்ததால் ஓட மாட்டேன் என்று விட்டுவிட்டார், அப்புறம் 400 மீட்டரில் ஓடித் தங்கம் வாங்கினார் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பிள்ளைகள் என்ன எடுத்துக்கொள்வார்கள்? கர்த்தருக்காக ஒன்றை விட்டால் அதைவிடப் பெரிய மெடல் கொடுப்பார் என்று எடுத்துக்கொள்வார்கள். அதற்கு அடுத்த வருஷமே அவர் அந்தப் பேரையும் புகழையும் விட்டுவிட்டுச் சீனாவுக்குப் போய்த் தியான்ஜின் நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக வேலை செய்தார், ஜப்பானியர்கள் அடைத்துவைத்த முகாமில் மூளைக் கட்டியால் 1945 பிப்ரவரியில் செத்தார், அப்போது அவருக்கு 43 வயது. அந்தப் பாதியைச் சொல்வதில்லை. அதில் கைதட்ட இடம் இல்லை.

நம் சாட்சி நேரமும் அப்படித்தான் ஆகிவிட்டது. விசா கிடைத்தது, பிளாட் வாங்கினோம், பிரமோஷன் வந்தது, மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் அமைந்தது. எல்லாம் கர்த்தர் கொடுத்ததுதான், நன்றி சொல்லட்டும். ஆனால் கடை மூடிப்போயிற்று, கடன் இருக்கிறது, இருந்தாலும் நான் அவரை விடவில்லை என்று மைக்கைப் பிடித்து ஒருவர் சொல்லிக் கேட்டு எத்தனை காலம் ஆகிறது? அப்படிப்பட்டவர்கள் நம் சபையில் இல்லாமல் இல்லை. அத்திமரம் துளிர்விடாமற்போனாலும் நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று ஆபகூக் தீர்க்கதரிசி சொல்கிற வசனத்தை வருஷப் பிறப்பு வாக்குத்தத்த அட்டையில் எடுக்க யாருக்கும் பிரியம் இல்லை. அந்த வசனத்தை வாழ்ந்துகொண்டிருக்கிறவர்கள் பின் பெஞ்சில் உட்கார்ந்து, முன்னால் ஏறிப் பேசுகிறவர்களைப் பார்த்து, நம் விசுவாசத்தில்தான் ஏதோ குறை இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

நம் மண்ணில் விசுவாசம் எப்படி வந்தது என்று பார்த்தால் இதன் கனம் புரியும். நட்டாலத்தில் 1712-ல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா மகாராஜாவின் அரண்மனையில் அதிகாரி. சாதியில் உயர்வு, உத்தியோகத்தில் உயர்வு, ராஜாவிடம் செல்வாக்கு, எல்லாம் இருந்தது. வீட்டில் மாடுகள் செத்து, நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்த நேரத்தில், குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்பு திருவிதாங்கூர்ப் படையிலேயே அதிகாரியான டச்சுக்காரர் டிலன்னாய் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார். யோசித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் இழந்தவனின் கதையைக் கேட்டுத்தான் அந்த மனிதர் கிறிஸ்துவிடம் வந்தார். 1745-ல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் ஞானஸ்நானம். அதற்குப் பிறகு மாடுகள் திரும்பி வந்ததாகவோ பதவி உயர்ந்ததாகவோ கதை இல்லை. 1749-ல் பிடித்தார்கள், எருமையின்மேல் உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள், 1752 ஜனவரி 14-ல் ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் வத்திக்கானில் அவரைப் புனிதர் என்று அறிவித்தபோது நம் பக்கமே கொண்டாடியது. அவர் கத்தோலிக்கர், நாம் சிஎஸ்ஐ என்கிற தென்னிந்தியத் திருச்சபை, ஆனால் இந்த விஷயத்தில் அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. இன்றைக்கு நம்மில் யாருக்காவது நஷ்டம் வந்து மனம் உடைந்திருந்தால் நாம் அவருக்கு யோபுவைச் சொல்வோமா, இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்த கடைசி அதிகாரத்தை மட்டும் சொல்வோமா?

அதே வடக்கன்குளத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது, பலருக்கு வலிக்கும். ராஜாவிடம் இருந்த அந்தஸ்தை ஒரு மனிதர் தூக்கி எறிந்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிய அதே ஊரில், நூறு வருஷத்துக்கு மேல் கழித்து, 1872-ல், இரண்டு சாதிக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் இரண்டு பக்கமும் உட்கார்ந்து ஒரே பீடத்தைப் பார்க்கிற மாதிரி, கால்சட்டை விரித்த வடிவில் கோயில் கட்டினார்கள். நடுவில் தடுப்பு. 1910-ல் அந்தத் தடுப்பை எடுத்தபோது அதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சிலுவையைக் கும்பிட வந்தவர்கள், பக்கத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதற்காகக் கோர்ட்டுக்குப் போனார்கள். இது அடுத்த சபைக்காரர்களின் கதை என்று நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. நம் சபைகளில் சுவர் கட்டவில்லை, ஆனால் கல்யாணப் பேச்சு வரும்போது சுவர் எழும்புகிறது. மாப்பிள்ளை என்ன வேலை, என்ன சம்பளம், சொந்த வீடா, எந்த ஊர்க்காரர்கள், "நம்ம ஆட்கள்தானா"; அதெல்லாம் முடிந்து, பலகாரத் தட்டு வந்து, காபி குடித்து, கிளம்பும்போது ஒருவர் கேட்பார், "தம்பி கோயிலுக்கெல்லாம் வருவாரா?" பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ, இரண்டு பக்கமும் இதே வரிசையில்தான் கேட்கிறார்கள். பிள்ளைகள் உள்ளறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், எந்தக் கேள்வி முதலில் வந்தது, எது கடைசியில் வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். அதற்கு மேல் ஞாயிறு பள்ளியில் நான் என்ன சொல்லிக் கொடுத்தும் ஏறாது.

கோயிலுக்குள் இருப்பவற்றையும் சொல்லிவிடுகிறேன், கமிட்டி என்பதால் இது உங்கள் கையில் இருக்கிறது. மின்விசிறி இறக்கையில் பெயர், டியூப்லைட் பட்டியில் பெயர், பெஞ்சின் முதுகில் பெயர், தண்ணீர்த் தொட்டியில் பெயர். முகப்புச் சுவரில் பளிங்குக் கல்லில், கோயிலைக் கட்டக் கல் சுமந்தவர்கள் யாரும் இல்லை, அன்றைக்குப் பதவியில் இருந்தவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். நன்றிக்காகப் போட்டோம் என்பீர்கள், இருக்கலாம். அங்கே டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மா 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர், ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒருமுறைகூடத் தன் ஊருக்குத் திரும்பிப் போகாமல், தேவதாசிகளாக விடப்படவிருந்த பெண்பிள்ளைகளையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் வளர்த்தவர், 1951-ல் இறந்தார். தன் கல்லறைக்குக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். வளர்த்த பிள்ளைகள் அந்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டியை வைத்தார்கள், அதில் அம்மா என்று மட்டும் எழுதியிருக்கிறது. பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டுச் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். கமிட்டியார் ஒருநாள் சேர்ந்து போய்வரலாமே என்று நிஜமாகவே கேட்கிறேன்.

முன்னால் போடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகளும் அப்படித்தான். பண்டிகை நாட்களில் பெரிய மனிதர் யாராவது வந்தால், ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடுவழியில் போவார். பொன்மோதிரக்காரருக்கு நல்ல இடம், கந்தை உடுத்தினவனுக்குக் காலடியில் இடம் என்று யாக்கோபு இரண்டாம் அதிகாரத்தில் எழுதியிருப்பதை அதே ஆராதனையில் பாடமாக வாசித்திருக்கிறோம். திருமண்டலத் தேர்தல் சமயத்தில் வேன், துண்டுச்சீட்டு, சாப்பாடு, போலீஸ் என்று நடப்பதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விட வலிக்கிறது ஒன்று இருக்கிறது. ஊழியம் என்ற வார்த்தை இப்போது நம் வீடுகளில் எப்போது வருகிறது என்று கவனித்தீர்களா? பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை, வேலையும் அமையவில்லை என்றால், "ஊழியத்துக்காவது அனுப்பலாம்." 'ஆவது.' என் பாட்டி காலத்தில் அடுப்படியில் ஒரு சின்னப் பானை இருக்கும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை அதில் போடுவாள், மாதக் கடைசியில் அதை மிஷனரிக் காணிக்கையாகக் கொடுப்பாள். வீட்டில் பஞ்சம் இல்லாத மாதமே கிடையாது, ஆனாலும் அந்தப் பானையில் கை வைக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அந்தப் பிடி அரிசியும் அரையணாவும் சேர்ந்துதான் 1903-ல் பாளையங்கோட்டையில் ஆரம்பித்த இந்திய மிஷனரிச் சங்கத்தைத் தாங்கின. வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் காசில் நம் ஆட்களை அனுப்புவோம் என்று ஏழைச் சபை ஒன்று துணிந்தது.

அதை ஆரம்பித்தவர்களில் முதன்மையானவர் வெள்ளாளன்விளை அசரியா. கிராமத்து ஐயரின் மகன், கிறிஸ்தவ வாலிபர் சங்கமான வொய்எம்சிஏவில் செயலாளராக இருந்து நாடெங்கும் அறியப்பட்டவர். சென்னையிலேயே வசதியாக இருந்திருக்கலாம். 1909-ல் அதை விட்டுவிட்டு நிஜாம் ராஜ்யத்தில் டோர்னக்கலுக்குப் போனார். புது ஊர், புது பாஷை, ஊர் ஒதுக்கிவைத்த மாலா, மாதிகா ஜனங்களின் நடுவில் வேலை. 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப் ஆனார். நாம் பிள்ளைகளிடம் 1912-ஐத்தான் சொல்கிறோம், நம்ம ஊர்க்காரர் முதல் பிஷப் என்று. 1909-ஐச் சொல்வதில்லை. அந்த வருஷத்தில் அவர் நம் வீட்டுப் பிள்ளையாக இருந்திருந்தால் நாமே உட்காரவைத்துப் புத்தி சொல்லியிருப்போம், இவ்வளவு நல்ல வேலையை விட்டுவிட்டு அங்கே போய் என்ன செய்யப் போகிறாய் என்று.

வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி சீட்டும் அப்படித்தான். சபைகளின் பரிந்துரையில் அங்கே படிக்கிற பிள்ளைகள், படிப்பு முடிந்ததும் குறிப்பிட்ட காலம் மிஷன் ஆஸ்பத்திரிகளில் வேலை செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. பரிந்துரைக் கடிதம் வாங்க எத்தனை ஓட்டம், எத்தனை சிபாரிசு! சீட் கிடைத்தால் ஸ்தோத்திரக் காணிக்கை. ஆனால் அந்த மிஷன் ஆஸ்பத்திரிக் காலத்தைப் பற்றி வீட்டில் பேசும்போது "பாண்டு" என்கிறார்கள், எப்படா முடியும் என்கிறார்கள். அந்த வேலூர் ஆஸ்பத்திரி எதனால் வந்தது? திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவியைப் பார்க்க ஒரு பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்டு, டாக்டர் இல்லாமல் மூன்று பெண்களும் செத்துப்போனதால் வந்தது. இந்தியாவில் தங்குவதில்லை என்று இருந்த மிஷனரி வீட்டுப் பெண் ஐடா ஸ்கடர் அதைப் பார்த்துத்தான் அமெரிக்காவுக்குப் போய் 1899-ல் டாக்டராகித் திரும்பினார், 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். அவருக்கு அந்த வேலை பாண்டாக இருக்கவில்லை. அதற்காகத்தான் படித்தார். நம் பிள்ளைகளில் அப்படிப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், வடக்கே மலைக்கிராமங்களில் பத்து, பதினைந்து வருஷமாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். விடுமுறைக்கு வரும்போது அவர்கள் ஆராதனையில் ஒரு ஓரமாக உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறார்கள், நாம் மைக் கொடுப்பதில்லை.

போன வருஷம் நம் உபதேசியார் ஓய்வு பெற்றபோது என்ன செய்தோம் என்பதையும் சொல்லியாக வேண்டும். சைக்கிளில் கிராமம் கிராமமாகப் போய், சம்பளம் சரியாக வராத மாதங்களிலும் ஜெபக்கூட்டத்தை நிறுத்தாமல் நடத்திய மனிதர். ஆராதனை முடிகிற நேரத்தில் ஒரு சால்வை, ஒரு ஜெபம், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதே மாதம் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற சபையார் ஒருவருக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டோம். மேலாளர் நல்ல மனிதர்தான், அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, அவரே பிறகு என்னிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டார்.

பவுல் சிறையிலிருந்து பிலிப்பியருக்கு எழுதும்போது தன் சாதிச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்து ஒருமுறை அடுக்கிக் காட்டுகிறார். இஸ்ரவேல் வம்சத்தான், பென்யமீன் கோத்திரத்தான், எபிரெயரில் பிறந்த எபிரெயன், பரிசேயன். அன்றைக்கு அதைவிடப் பெரிய பயோடேட்டா கிடையாது. அடுக்கி முடித்துவிட்டு, கிறிஸ்துவை ஆதாயப்படுத்திக்கொள்ளும்படி இதெல்லாம் குப்பை என்று எண்ணுகிறேன் என்கிறார். படிப்பைக் குப்பையில் போடு என்று அதற்கு அர்த்தம் இல்லை. அவர் படித்த படிப்புதான் நிருபம் முழுவதும் தெரிகிறதே. ஆனால் அந்தச் சான்றிதழைக் காட்டிச் சபையில் இடம் பிடிக்க மாட்டேன் என்கிறார். நாம் அதைக் காட்டினால்தான் முன்னால் கூப்பிடுகிறோம்.

பிள்ளைகளை ஊக்கப்படுத்த வேண்டாமா என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. வேண்டும். நானும் டீச்சர்தான். ஆனால் 570 எடுத்த பிள்ளையைப் பள்ளிக்கூடம் பாராட்டிவிட்டது, உறவினர் பாராட்டியாயிற்று, ஃபிளெக்ஸ் போர்டு வைத்தாயிற்று, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் போட்டாயிற்று. அந்தப் பிள்ளைக்குச் சபை கொடுக்க வேண்டியது இன்னொரு கேடயம் இல்லை. "இந்த மதிப்பெண் இல்லாவிட்டாலும் நீ எங்களுக்கு இதே அளவு அருமைதான்" என்று சொல்ல உலகத்தில் வேறு யாரும் இல்லை, சபைதான் சொல்ல வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் அந்த வார்த்தைக்கு ரொம்ப ஏங்குகிறார்கள். மதிப்பெண் குறைந்துவிடுமோ என்ற பயத்தில் ராத்திரி தூங்காமல் இருக்கிற பிள்ளைகள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட் வருகிற வாரத்தில் செய்தித்தாளில் என்ன படிக்கிறோம் என்று உங்களுக்கே தெரியும், அதில் நம் ஜனங்களின் பிள்ளைகளும் இருந்திருக்கிறார்கள்.

ஆகவே கமிட்டியிடம் நான் கேட்பது இவ்வளவுதான். ஜூன் இரண்டாம் ஞாயிறு ஆராதனை ஆராதனையாகவே நடக்கட்டும். மதிப்பெண் வாசிக்க வேண்டாம், 450, 550 என்ற எல்லையை எடுத்துவிடுங்கள். அதே நாளில் பரீட்சை எழுதின பிள்ளைகள் எல்லோரையும், பாஸானவர்கள், ஃபெயிலானவர்கள், இந்த வருஷம் எழுத முடியாமல் போனவர்கள் எல்லோரையும் முன்னால் வரச் சொல்லி, ஐயரவர்கள் தலையில் கை வைத்து ஜெபிக்கட்டும். பெயரை வாசித்தால் பெயரை மட்டும் வாசியுங்கள், தகப்பனார் உத்தியோகம் வேண்டாம். பரிசுக்காக ஒதுக்கியிருக்கிற பணத்தில், அடுத்த மாதம் துணைத்தேர்வு எழுதுகிற பிள்ளைகளுக்குக் கோயில் ஹாலில் சாயங்கால வகுப்பு வைக்கலாம். கணக்கு சொல்லிக்கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம் சபையிலேயே இருக்கிறார்கள், நான் பேசிவிட்டேன், சம்பளம் வேண்டாம் என்கிறார்கள், ஃபேனும் லைட்டும் போட அனுமதி இருந்தால் போதும். கல்வியில் சிறந்தவர்களுக்குப் பரிசு கொடுத்தே ஆக வேண்டும் என்று யாராவது விரும்பினால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஹாலில் வைத்துக்கொடுங்கள், அதற்கு நானே வந்து நாற்காலி போடுகிறேன்.

அடுத்த கமிட்டிக் கூட்டம் வெள்ளிக்கிழமை என்று கேள்விப்பட்டேன். இந்த மடலை அன்றைக்கு எடுத்துப் பேசுங்கள். கூப்பிட்டால் உள்ளே வந்து நானே விளக்கம் சொல்கிறேன். பரீட்சை எழுதின நம் சேகரத்துப் பிள்ளைகளின் பெயர்களை வீடு வீடாகப் போய் எழுதி வைத்திருக்கிறேன், மதிப்பெண் எழுதவில்லை. திருப்பூர் போன பையனின் அம்மாவிடமும் பேசியிருக்கிறேன். துணைத்தேர்வுக்குப் பணம் கட்டினால் லீவு போட்டு வருவான் என்கிறாள். கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன், ஹால் சாவியை மட்டும் கமிட்டி கொடுக்க வேண்டும்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் ஞாயிறு பள்ளி டீச்சர்